டாக்டரை மட்டும் அனுப்பாதே

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் நலம். அக்காவுக்குத்தான் முழங்கால் வலி விட்டபாடில்லை.

உங்கள் ஊர் டிரஸ்ட் கண் ஆஸ்பத்திரிக் கமிட்டியில் உன்னைச் சேர்த்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைப் பார்த்துவர உங்கள் டாக்டரை மதுரைக்கு அனுப்பப் போவதாக எழுதியிருக்கிறாய். அவர் மட்டும் போனால் போதாது.

அவர் கண்ணில் முதலில் படுவது தியேட்டர்தான். இரண்டு மேசைகள் அடுத்தடுத்துக் கிடக்கும். ஒருவருக்குக் கண்புரை ஆபரேஷன் முடியும்போதே அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். டாக்டர் மைக்ரோஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். சரி, நாமும் இன்னொரு மேசை வாங்கிப் போட்டுவிடலாம். ஆனால் அந்த அடுத்தவரைத் தயார் செய்வது யார்? பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்து வந்து, அங்கேயே இரண்டு வருடம் பயிற்சி எடுத்த பெண்கள். பார்வையைச் சோதிப்பது, லென்ஸுக்கு அளவெடுப்பது, பயப்படும் பாட்டிக்குப் பொறுமையாக விளக்குவது எல்லாம் அவர்கள் கையில். அதற்கும் முன்னால் முகாம் வேலை இருக்கிறது. ஊர் ஊராகப் போய்ப் பரிசோதித்து, புரை உள்ளவர்களை பஸ்ஸில் அழைத்துவந்து, ஆபரேஷன் முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். இவை இல்லாவிட்டால் உங்கள் இரண்டாவது மேசை சும்மாதான் கிடக்கும்.

இது அரவிந்த்காரர்களுக்கே நன்றாகத் தெரியும். மற்ற ஆஸ்பத்திரிகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே 1992-ல் லைகோ என்று தனி நிறுவனம் தொடங்கினார்கள். டாக்டர், நிர்வாகி, நர்ஸ் என்று குழுவாக வரவழைத்து, வந்தவர்களின் ஆஸ்பத்திரிக் கணக்கையே எடுத்துவைத்துப் பேசி, அவர்களையே திட்டம் எழுத வைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தொழில் ரகசியம் என்று எதையும் பொத்தி வைக்காத அந்த மனசு எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியும் வெளியே பார்த்துக் கற்றவர்தானே! அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கையோடு ஆரம்பித்தவர். அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளில், எந்த ஊரிலும் ஒரே முறை, ஒரே தரம் இருப்பதைப் பார்த்து, அந்த ஒழுங்கைக் கண் சிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதனால் தலைமை நர்ஸையும் முகாம் வேலை பார்ப்பவரையும் கட்டாயம் அனுப்பு. அப்புறம், போன வருடம் முகாமுக்கு எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் ஆபரேஷனுக்கு வந்தார்கள் என்ற கணக்கும் கையில் இருக்கட்டும். கமிட்டியில் செலவு அதிகம் என்பார்கள், நீ விட்டுக்கொடுக்காதே. தேதி முடிவானதும் எழுது, நானும் மதுரைக்கு வருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்