மழை என்றாலே ஆசீர்வாதம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வந்த கிறிஸ்தவக் கவிதைகளை இரண்டு தடவை வாசித்தேன். இதற்கென்று பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் கவிதைகளில் ஒலிவமரம் வருகிறது, வனாந்தரம் வருகிறது, யோர்தான் வருகிறது, எல்லாம் வேதாகம நாட்டுக் காட்சிகள். மழை பெய்தால் அது ஆசீர்வாத மழை, காற்றடித்தால் ஆவியானவரின் தென்றல். எழுதியவர்களில் சிலர் எங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள் என்பதே கீழே போட்டிருந்த ஊர்ப்பெயரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

நான் குலசேகரம் பக்கம். என் அம்மை முப்பது வருஷம் ரப்பர் பால்வெட்டுக்குப் போனவள். விடியும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு கத்தியோடு இறங்கிவிடுவாள். பட்டை நனைந்திருந்தால் பால் சிரட்டைக்கு வராது, மரத்தோடு பரவி வழிந்து வீணாகப் போகும், அதனால் மழை என்றால் அன்றைக்கு வெட்டு இல்லை, கூலியும் இல்லை. எங்களுக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அப்படி ஒரு ஆனி மாத விடியற்காலையில் அம்மை திண்ணையில் நின்று, ஓட்டிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பார்த்தபடி, "கர்த்தாவே, இன்னைக்கும் தந்திட்டீரே, பிள்ளையளுக்கு என்னத்தக் குடுக்க?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய் முழங்கால் போட்டு ஜெபமும் பண்ணினாள். விசுவாசத்தைப் பற்றி நான் கேட்ட வரிகளில் இன்றைக்கும் எனக்கு அதுதான் பெரியது.

நம்முடைய பழைய கவிஞர்கள் மண்ணை விட்டு எழுதியவர்கள் இல்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726இல் முடித்த தேம்பாவணிக் காப்பியத்தில் யூதேயா நாட்டையே தமிழ்நாட்டு வயலும் வாய்க்காலுமாகப் பாடினார். வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமைச் சொல்லக் குறத்தி குறி சொல்லும் குறவஞ்சிப் பாட்டைத்தான் எடுத்தார். வெளியே இருந்து வந்தவரே இங்குள்ள வயலைப் பாடியிருக்க, இங்கேயே பிறந்து வளர்ந்த நாம் ஏன் பார்த்தேயிராத ஒலிவமரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்?

இன்னொன்றும் இருக்கிறது, அதை எழுதும்போதே மனசு வலிக்கிறது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் பக்கம் ரப்பரும் வாழையும் சாய்ந்தன, நாங்கள் கரண்டு இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தோம். ஆனால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்களில் ஆட்களே திரும்பவில்லை. அப்போது நான் ஒரு கவிதை எழுதினேன். புருஷன் போன திசையைப் பார்த்துக்கொண்டு ஒரு பெண், "கடலை அதட்டினவரே, அன்றைக்கு எங்கே இருந்தீர்?" என்று, புயலை அதட்டி அடக்கிய இயேசுவைக் கேட்பதோடு அது முடியும். ஒரு பத்திரிகை அதை வாங்கிப் போட்டது, சரி, ஆனால் அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, 'எல்லாம் நன்மைக்கே' என்ற அர்த்தத்தில் இரண்டு வரி சேர்த்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இரண்டு வரியை அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து என்னால் வாசிக்க முடியாது.

கேள்வி கேட்பது அவிசுவாசம் என்றால் வேதாகமத்தின் சங்கீதப் புஸ்தகத்தில் பாதியைக் கிழிக்க வேண்டியிருக்கும். 88ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். கடைசியில் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல், இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் வேதத்தில் வைத்துத்தான் இருக்கிறார்கள்.

அதனால் கேட்கிறேன், வரும் மழைக்கால இதழில் பால்வெட்டுக்காரர்களிடமும் வலை பின்னுகிறவர்களிடமும் பனையேறிகளிடமும் கவிதை கேளுங்கள். எழுத வராதவர்கள் சொல்லட்டும், பக்கத்திலிருந்து யாராவது எழுதித் தருவார்கள், நானே வேண்டுமானாலும் போய் எழுதி வாங்கி வருகிறேன். அம்மையின் அந்தத் திண்ணைக் கேள்வியை வைத்து எழுதிய ஒரு கவிதையை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் போட வேண்டாம். போட்டால், கடைசி வரியை அப்படியே விட்டுவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்