மூன்று நிமிடம் போதுமே!

ஆசிரியருக்கு,

வாகன நம்பர் பிளேட்டைப் படமெடுக்கும் கேமராக்களைப் போலீசார் பயன்படுத்துவதற்கு அமெரிக்க மாநிலங்கள் வரம்பு கட்ட முனைவது பற்றிய செய்தியைப் படித்தேன். கேமராவே கூடாது என்பது என் வாதமல்ல. திருட்டு வண்டி சிக்குகிறது, சரி. எந்தப் புகாரிலும் இல்லாத வண்டி எப்போது, எந்தப் பக்கம் போனது என்பதை எதற்காகச் சேர்த்துவைக்க வேண்டும்? வர்ஜீனியாவில் எங்கள் தெருமுனையிலும் சூரியத் தகட்டோடு ஒரு கறுப்புக் கம்பம் நிற்கிறது. கோயிலோ, மருத்துவரோ, எங்கே போனாலும் அதைக் கடந்துதான் போயாக வேண்டும். இவ்வகைக் கேமராக்கள் எண்ணோடு நிற்பதில்லை. வண்டியின் நிறம், ரகம், பின்னால் ஒட்டிய ஸ்டிக்கர் வரை பதிகின்றன.

2025இல் வந்த வர்ஜீனியா சட்டம் இந்தப் பதிவுகளை 21 நாளில் அழிக்கச் சொல்கிறது. விசாரணைக்குத் தேவைப்படுபவற்றுக்கு விலக்கு உண்டு. ஒன்றுமே இல்லாததற்கு இது தேவலை. ஆனால் ஒருவரின் அன்றாடத்தை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொள்ள மூன்று வாரம் தாராளம். நியூ ஹாம்ப்ஷயரில், தேடப்படும் வண்டியாக இல்லாவிட்டால் 3 நிமிடத்துக்குள் அழித்தாக வேண்டும். புதிதாகச் சட்டம் எழுதும் மாநிலங்கள் அதையே பின்பற்றலாம். அதற்கு மனமில்லாவிட்டால், பழைய பதிவைப் புரட்ட நீதிமன்ற ஆணை கட்டாயம் என்றாவது எழுதட்டும்.

– வாசகர், வர்ஜீனியா