அப்பாவுக்கு, ஒரு கறள் நட்டைப் பற்றி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இஞ்ச நல்ல சுகம், நீங்கள் அம்மா தங்கச்சி எல்லாரும் சுகமா இருக்க கோணேசர் துணை. கராஜ் வேலைய விவரமா சொல்லச் சொல்லி கேட்டுக்கொண்டே இருக்கிறீங்கள், போன் எடுத்தா அம்மா என்ன சாப்பிட்டனி, குளிருக்கு உடுப்பு காணுமோ எண்டதோட நேரம் போயிடும், அதுதான் எழுதுறன், ஆறுதலா இருந்து வாசியுங்கோ.

கனடாவில இந்த சஸ்காச்சுவான் மாகாணம் எண்டா கண் எட்டின தூரம் வயல்தான், நெல் இல்ல, கோதுமையும் எண்ணெய் எடுக்கிற கனோலாவும். உழவு மெசின், லொறி, தண்ணி பம்ப் எல்லாம் எங்களிட்டத்தான் திருத்த வரும். கடல் இல்லாத ஊர், எண்டாலும் கறளுக்கு குறைவில்ல. மாரியில ரோட்டுக்கு உப்புப் போடுறாங்கள், அதவிட வெளியில மைனஸ் 30ல கிடந்த இரும்ப சூடான வீட்டுக்குள்ள கொண்டு வந்தா அப்பிடியே வேர்த்து தண்ணி வடியும், துடைக்காம விட்டா கறள்தான்.

போன கிழமை பக்கத்து பண்ணைக் கிழவர் ஒரு பழைய பம்ப் ஷொட்கன் கொண்டு வந்தவர். துவக்கு எண்டோன அம்மா பயப்பட வேண்டாம், நாங்கள் ஊரில துவக்கைக் கண்டது சென்றிப் பொயின்ற்ல மட்டும்தான், இஞ்ச வயல்காரரிட்ட அது மண்வெட்டி கோடாலி மாதிரி ஒரு சாமான், செப்டெம்பரில வடக்கில இருந்து காட்டு வாத்து கூட்டம் கூட்டமா இறங்கும், அதுக்குத்தான். கோர்ஸ் படிச்சு லைசன்ஸ் எடுக்கோணும், பூட்டி வைக்கோணும், வாத்துக்குப் போனா மூண்டு தோட்டாவுக்கு மேல உள்ளுக்க போடேலாது, ஈயக் குண்டும் 1999ல இருந்து தடை. என்னட்ட லைசன்ஸ் இல்ல, அதால வேலை முடியுமட்டும் கிழவர் பக்கத்திலயே நிண்டவர், முதல் அவர்தான் திறந்து உள்ளுக்க ஒண்டும் இல்லையெண்டு கண்ணாலயும் விரலாலயும் பாத்துட்டு என்னையும் பாக்கச் சொன்னவர்.

அது றெமிங்டன் 870, 1950ல வந்த மொடல், ஒரு கோடிக்கு மேல வித்திருக்கு. அவற்ற அப்பா வாங்கினதாம். இடக்கையால பிடிக்கிற மரப்பிடிய பின்னால இழுத்தா சுட்ட கோது வெளிய பாயும், முன்னால தள்ளினா அடுத்த தோட்டா ஏறும். அந்த மரப்பிடி வெடிச்சுப் போச்சு, மாத்தோணும். மரத்துக்குள்ளால ஒரு மெல்லிய இரும்பு ரியூப் போகுது, அதின்ட முன் வாயில ஒரு வட்ட நட்டு, அதுதான் மரத்த இறுக்கிப் பிடிச்சிருக்கு. வழமையான ஸ்பனர் ஒண்டும் பிடிக்காது, ரெண்டு வெட்டு மட்டும்தான் இருக்கு. கண்டோன எனக்கு உங்கட கடைதான் ஞாபகம் வந்தது, கொட்பேயில இருந்து வாற போட் எஞ்சின்ட கியர் பொக்ஸுக்குள்ள உப்புத்தண்ணி தின்ன அந்த வட்ட நட்டு இருக்கெல்லோ, அதே சாதி.

முன்னம் யாரோ பிளையரால கடிச்சுத் திருப்பப் பாத்து ரெண்டு வெட்டின்ட கரையையும் நாசமாக்கி வச்சிருக்கினம். கராஜில மற்றப் பெடியன் காஸ் ரோர்ச்சால நெருப்புப் பிடிப்பம் எண்டான், நான் விடேல்ல. நெருப்புப் பிடிச்சா மரம் கருகும், இரும்பின்ட நீல நிறமும் போயிடும், பிறகு கிழவரின்ட அப்பாவின்ட சாமானுக்கு யார் பதில் சொல்றது? அசிட்டோனும் ஓட்டோமற்றிக் கியருக்கு விடுற ஒயிலும் கலந்து விடுறதும் இஞ்ச ஒரு கைவைத்தியம், நல்ல வேலை செய்யும், ஆனா மரத்தின்ட வார்னிஷ கரைச்சுப்போடும், சூடு காட்டவும் ஏலாது, பத்திடும்.

அதால உங்கட முறைதான். முதல் அந்தப் பிடிய துவக்கில இருந்து கழட்டி எடுத்தன். மரத்தில எண்ணெய் ஊறினா மரம் மெத்துப்போகும், அதால நட்டு கீழ பாக்கிற மாதிரி சரிச்சு வச்சு கறளுக்கு விடுற எண்ணெய திரெட் தெரியிற இடத்தில மட்டும் சொட்டுச் சொட்டா விட்டு இரவு முழுக்க விட்டன். அடுத்த நாள் நட்டின்ட அளவுக்கு சரியா வாற பைப் துண்டு ஒண்டு எடுத்து, வாயில ரெண்டு பல்லு மட்டும் மிஞ்சிற மாதிரி அரத்தால ராவி, மற்றப் பக்கம் ஓட்டை போட்டு கம்பி செருகினன். பல்லு வெட்டுக்குள்ள ஆடாம இருக்கோணும் எண்டு நீங்கள் திருப்பித் திருப்பிச் சொல்லுவீங்கள், அதுக்குத்தான் கன நேரம் போனது. ரியூப் நசியாம உள்ளுக்க உருண்டைத் தடி ஒண்டு செருகி, ரியூப்புக்குப் பின்னால நீட்டிக்கொண்டிருக்கிற ரெண்டு தட்டைக் கம்பியையும் ரியூப்போட சேருற இடத்துக்குக் கிட்டவா மரத்துண்டுக்கு நடுவில வச்சு வைஸில பிடிச்சன், நுனியில பிடிச்சா கம்பி முறுகிடும். பிறகு தலைமயிர் காய வைக்கிற மெசினால நட்ட மட்டும் சூடாக்கி, பைப்பின்ட தலையில சின்னச் சுத்தியலால தட்டி, முதல் இறுக்கிற பக்கம் ஒரு துளி, பிறகு கழட்டிற பக்கம். அசையேல்ல. திரும்ப எண்ணெய், திரும்ப சூடு, திரும்ப தட்டு. பின்னேரம் போல டிக் எண்டு ஒரு சத்தம், அப்பா, அந்தச் சத்தத்தக் கேட்டோன எனக்கு உங்களக் கூப்பிடோணும் போல இருந்தது, அங்க இன்னும் விடியேல்ல எண்டபடியா விட்டுட்டன். கிழவர் நட்ட கையில வச்சு கன நேரம் பாத்துக்கொண்டு நிண்டவர், ஆர் பழக்கினது எண்டு கேட்டவர். திருகோணமலையில அப்பா போட் எஞ்சின் திருத்துறவர், நிலாவெளியில புறாமலைக்கு ஆக்கள ஏத்துற போட்டுகளும் அவரிட்டத்தான் வரும் எண்டன்.

புது நட்டு வாங்கலாம், ஆனா அவருக்கு பழசுதான் திரும்ப வேணுமாம், சரியெண்டு பிசிறு ராவி விடுறன். பூட்டேக்க திரெட்டுக்கு மெல்லிய எண்ணெய்தான் பூசப்போறன், தடிச்ச கிரீஸ் இந்தக் குளிருக்கு இறுகிப்போகும்.

ஒண்டு கேக்கோணும். நான் செய்த பைப் பல்லு கடைசியில கொஞ்சம் மடிஞ்சு போச்சு, பதம் வைக்காத பச்சை இரும்புதானே. உங்கட கியர் பொக்ஸ் சாவிக்கு லொறி வில்லுத் தகடுதான் வெட்டினீங்கள் எண்டு ஞாபகம். சிவக்கக் காய்ச்சி எண்ணெய்க்குள்ள போட்ட பிறகு திரும்ப எந்த நிறம் வருமட்டும் சூடு காட்டினீங்கள், வைக்கோல் நிறமா நீலமா? சாவிய ஒரு படம் எடுத்து தங்கச்சியிட்டச் சொல்லி வட்ஸ்அப்பில போட்டு விடுங்கோ, கிழவர் அடுத்த மாதம் தன்ட தம்பியின்ட துவக்கும் கொண்டு வாறன் எண்டிருக்கிறார்.

அன்பு மகன்