நேர்காணலைப் பின்னிணைப்புக்குத் தள்ளாதீர்கள்: ஆய்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

முனைவர் பட்ட ஆய்வுக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சென்ற மீளாய்வுக் கூட்டத்தின் குறிப்பு என் கைக்கு வந்துவிட்டது. நேர்காணல்களை வைத்து எழுதிய இரண்டு இயல்களையும் பின்னிணைப்பாக்க வேண்டும், களத்தில் திருத்திய வினாநிரலை விட்டுவிட்டு முதலில் ஒப்புதல் பெற்ற வினாநிரலின் தரவை மட்டும் அட்டவணையாக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. இந்த முடிவைத் திரும்பப் பாருங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன். இதே குறிப்பை வாங்கிய வேறு மாணவர்களும் இருப்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

கிராமப்புறப் பெண்களின் உழைப்பு என் தலைப்பு. அதன் பின்னணியை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதல் சுற்றுப் படிவத்தில் அந்த வீட்டுக் கணவருக்கு முதன்மைத் தொழில் கொத்து வேலை, துணைத் தொழில் பால்மாடு. மனைவிக்கு 92. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை மட்டும் செய்பவர்களுக்கு உரிய எண் அது. பதில் சொன்னது அந்த அக்காவேதான். படிவம் கேட்டபடி கேட்டேன், அவர் சொன்னபடி பதிந்தேன்.

நேர்காணலுக்கு மறுபடி போய் மாட்டுக் கொட்டிலில் உட்கார்ந்து பேசியபோதுதான் மீதி தெரிந்தது. விடியுமுன் எழுந்து சாணி அள்ளுவதும், கறப்பதும், சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊற்றுவதும் அவர்தான். புல்லறுக்க வரப்பு வரப்பாக அலைவதும், கன்று ஈனும் மாட்டுக்கு இரவெல்லாம் விழித்திருப்பதும் அவர்தான். கணவர் சித்தாள்களோடு காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வருவார். பிறகு ஏன் பால்மாட்டை அவர் கணக்கில் சொன்னீர்கள் என்று கேட்டேன். "கார்டு அவுக பேர்லதானே இருக்கு" என்றார். சொசைட்டி அட்டை மட்டுமல்ல, பால் பணம் ஏறும் வங்கிக் கணக்கும் கணவர் பெயரில்தான்.

அதற்குப் பிறகு வினாநிரலைத் திருத்தினேன். என்ன தொழில் என்று ஒற்றை வரியில் கேட்பதை நிறுத்தினேன். கறப்பது யார், ஊற்றுவது யார், பணம் யார் கைக்கு வருகிறது, நடவுக் காலத்தில் என்ன, கோடையில் என்ன என்று பிரித்துக் கேட்டேன். அதே வீடுகளுக்குத்தான் திரும்பவும் போனேன். 92 என்று பதிந்த பெண்கள் பலர் இரண்டாம் சுற்றில் உழைப்பவர்களாக வந்தார்கள். எண் மாறியதற்கான காரணம் அந்த நேர்காணல்களில் இருக்கிறது. இப்படி எத்தனை வீடுகள் என்ற விடை கணக்கெடுப்பில் இருக்கிறது. இவற்றில் எதை நான் பின்னிணைப்பில் வைப்பது? நீங்கள் சொன்னபடி பழைய தரவை மட்டும் அச்சிட்டால், அந்த அக்கா வீட்டு வேலை தவிர எதுவும் செய்வதில்லை என்று என் கையெழுத்தோடு ஓர் ஆய்வேடு நூலகத்தில் உட்கார்ந்திருக்கும். தயவுசெய்து என்னை அதற்குக் கட்டாயப்படுத்தாதீர்கள்.

இது என் ஒருத்தியின் சிக்கலும் இல்லை. மத்திய அரசின் உழைப்புக் கணக்கெடுப்பில், 15 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களில் வேலை செய்பவர்கள் அல்லது வேலை தேடுபவர்களின் பங்கு 2017-18இல் 23.3 சதவீதம், 2023-24இல் 41.7 சதவீதம். ஆறே ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம். வேலை பெருகியதா, வறுமை வயலுக்குத் தள்ளியதா, முன்பு விட்டுப்போன உழைப்பை இப்போது கேட்டுப் பதிகிறார்களா என்று பொருளியல் அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து பேசாமல் இந்த வாதம் எப்படித் தீரும்?

கணக்கெடுப்பையும் நேர்காணலையும் சேர்த்துச் செய்யும் கலப்பு முறை இப்போது வந்த மோகம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். 1930களின் தொடக்கத்தில், ஆலை மூடிக்கிடந்த ஆஸ்திரியாவின் மரியந்தால் ஊரை ஆராய்ந்த சமூக ஆய்வாளர்கள் மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் குழுவினர் இதைத்தான் செய்தார்கள். நூலகத்தில் எத்தனை புத்தகம் இரவல் போனது என்று எண்ணினார்கள், தெருவில் ஆண்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று அளந்தார்கள், வீடு வீடாகப் பேசவும் செய்தார்கள். வேலை இல்லாமல் நாள் முழுக்க நேரம் இருந்தும் ஊர் படிப்பதைக் குறைத்துக்கொண்டது அப்படித்தான் தெரியவந்தது. நம் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916 வாக்கில் மாணவர்களை வினாநிரலோடு கிராமங்களுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றான இருவேல்பட்டுக்குப் பின்வந்தவர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள்.

பொருளியலாளர் என். எஸ். ஜோதா 1988இல் எழுதிய கட்டுரையும் நீங்கள் அறிந்ததுதான். ராஜஸ்தானின் இரண்டு கிராமங்களில் 1960களிலும் பிறகு 1980களிலும் கணக்கெடுத்தார். இடையில் உண்மை வருமானம், அதாவது விலையேற்றத்தைக் கழித்த வருமானம், 5 சதவீதத்துக்கு மேல் குறைந்த குடும்பங்களிடம், நல்ல வாழ்வு என்றால் உங்களுக்கு எது என்று கேட்டார். அவர்களே சொன்ன 38 அளவுகோல்களில் 37இல் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். அவர்கள் சொன்னவற்றில் நிலக்கிழாரின் நிலத்தில் குடியிருக்காமல் இருப்பதும், விதைக்காக அவரிடம் கையேந்தாமல் இருப்பதும் உண்டு. வருமான அட்டவணையில் இதற்கு எந்தக் கட்டமும் கிடையாது. அதே நேரம் வருமானத்தை அளக்காமல் இருந்திருந்தால் இந்த முரண் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

எண்ணுவதை ஏளனமாகப் பார்க்கும் நேர்காணல்காரர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. நாலு பேரிடம் பேசிவிட்டு ஒரு மாவட்டத்தையே முடிவுகட்டுவது சரியில்லை. ஆனால் எங்கள் துறையில் அவர்களைத் தேர்வாளராகக்கூட அழைப்பதில்லை. புள்ளியியல் தெரிந்தவர் மட்டுமே மதிப்பிடுகிறார், நேர்காணல் இயலுக்கும் முக்கியத்துவச் சோதனை, அதாவது முடிவு தற்செயலாக வந்ததா என்று எண்களால் பார்க்கும் சோதனை, கேட்கிறார். இரண்டாம் களப்பயணத்துக்கு உதவித்தொகையில் இடமில்லை. களத்தில் கற்றதை வைத்துக் கேள்வியைத் திருத்தினால் விதிமீறல் என்கிறார்கள். இப்படியே போனால் மாணவர்கள் ஊருக்குப் போகாமலே படிவம் நிரப்புவார்கள். சிலர் நிரப்புவதும் உங்களுக்குத் தெரியும்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை சிறியது. இரண்டு இயல்களையும் ஆய்வேட்டின் உடலிலேயே இருக்க அனுமதியுங்கள். பழைய வினாநிரல், திருத்திய வினாநிரல் இரண்டின் தரவையும் திருத்தக் காரணத்தோடு பக்கத்தில் பக்கத்தில் தருகிறேன். தேர்வாளர்களில் ஒருவராவது களப்பணி அறிந்தவராக இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு இரு சுற்றுப் படிவங்களையும், பேசியவர்களின் ஒப்புதலோடு நேர்காணல் எழுத்துப்படிகளையும் கொண்டுவருகிறேன். முடிவெடுக்கும் முன் அவற்றில் சில பக்கங்களையாவது படித்துப் பாருங்கள் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் துறையின் ஆய்வு மாணவி