மாரடைப்பு போலவே வரும் இன்னொரு நெஞ்சு வலி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்பு பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் மருத்துவக் கட்டுரைகளைத் தவறாமல் படித்து வருகிறேன். அதே நெஞ்சு வலியோடு வந்து, மாரடைப்புக்கான சிகிச்சையே கேடாக முடியக்கூடிய பெருந்தமனிக் கிழிவைப் பற்றி அவற்றில் அதிகம் சொல்லப்படுவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியின் உட்சுவரில் திடீரென விரிசல் விழுந்து, ரத்தம் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்து பிளந்துகொண்டு போவதைத்தான் மருத்துவர்கள் ‘அயோர்ட்டிக் டிசெக்‌ஷன்’ என்கிறார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் ஏறத்தாழ 3 முதல் 6 பேருக்கு இது வருகிறது. இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதி கிழிந்தால் அது ‘ஏ’ வகை. உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும். இறங்கும் பகுதியில் மட்டும் ஏற்படும் ‘பி’ வகையைப் பெரும்பாலும் ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்துகளாலேயே சமாளிக்கிறார்கள்.

பல நாடுகளின் பெரிய மருத்துவமனைகள் சேர்ந்து 1996-இல் தொடங்கிய சர்வதேசப் பதிவேடு, 464 நோயாளிகளைப் பற்றிய தன் முதல் அறிக்கையை 2000-இல் வெளியிட்டது. அதில் ‘ஏ’ வகையினரில் அறுவை சிகிச்சை பெற்றவர்களில் 26 சதவீதத்தினரும், அது செய்யப்படாதவர்களில் 58 சதவீதத்தினரும் மருத்துவமனையிலேயே இறந்திருந்தனர். 2013 வரையிலான பதிவுகளைப் பார்க்கும்போது, அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 25 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருந்தது. சி.டி. ஸ்கேன் மூலம் நோயை விரைவில் உறுதி செய்ய முடிவதும், உடலைக் குளிரவைத்து ரத்த ஓட்டத்தை நிறுத்தியிருக்கும் வேளையில் மூளைக்கு மட்டும் தனியே ரத்தம் செலுத்தும் முறை பரவியதும் இதற்குத் துணை நின்றிருக்கின்றன. இந்த அறுவை சிகிச்சையின் முன்னோடியான அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டிபேக்கிக்கே இந்நோய் வந்து, 2006-இல், தம் 97-ஆம் வயதில், அதே அறுவை சிகிச்சையால் அவர் பிழைத்தார். ஆனால் இவை அனுபவம் மிக்க மையங்களை உயிரோடு சென்றடைந்தவர்களின் கணக்கு. வழியிலேயே இறப்பவர்கள் இதில் வருவதில்லை.

நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை எனக்குக் கவலை அந்த வழியைப் பற்றியதே. வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவர் ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. ஆகவே அறுவை நிபுணர்கள் தொலைவில் இருக்கிறார்கள் என்று இங்கு யாரும் சொல்ல முடியாது. பேரணாம்பட்டிலோ ஒடுகத்தூரிலோ நள்ளிரவில் வலி வந்தவருக்கு, அது எந்த வலி என்று முதலில் பார்ப்பவர் சந்தேகப்படுகிறாரா என்பதே கேள்வி. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் என 14 மாத்திரைகள் தரப்படுகின்றன. மாரடைப்பு பல மடங்கு அதிகம் என்பதால் இது நல்ல திட்டமே. இதைக் குறை கூற நான் வரவில்லை. ஆனால் கிழிவு உள்ளவருக்கு, இவற்றில் ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அறுவை மேசையில் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கைக் கொண்டுவரக்கூடும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியோ இன்னும் ஆபத்தானது.

எனவே, மாத்திரை கொடுக்கும் முன் ஒரு நிமிடம் செலவிட்டு, வலி தொடங்கிய கணத்திலேயே உச்சத்தில் இருந்ததா, முதுகுக்கு இறங்கியதா என்று கேட்கவும், இரண்டு கைகளிலும் பி.பி. பார்க்கவும் செவிலியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இரு கைகளுக்கும் இடையே 20 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, ஒரு பக்க நாடி மங்கியிருந்தாலோ மருத்துவரைக் கலந்து பேசிய பிறகே மாத்திரை தரலாம். இந்தச் சோதனை எல்லோரையும் பிடித்துவிடாது. நோயாளிகளில் சிறு பகுதியினரிடமே நாடியில் வேறுபாடு தெரியும். என்றாலும் இதற்குத் தேவை அங்கே ஏற்கெனவே இருக்கும் பி.பி. கருவிதான். சந்தேகம் எழுந்தால், 108 ஆம்புலன்ஸ் நோயாளியை அருகிலுள்ள ஏதோவொரு மருத்துவமனையில் இறக்கிவிட்டுப் போகாமல், இரவிலும் சி.டி. ஸ்கேனும் இதய அறுவை சிகிச்சைக் குழுவும் ரத்த வங்கியும் உள்ள இடத்துக்கு முன்கூட்டியே தகவல் சொல்லி நேராகக் கொண்டுசெல்ல ஏற்பாடு வேண்டும்.

இந்நோயாளிகளில் பெரும்பான்மையோர் நெடுநாள் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் மாத்திரையை, தலைசுற்றல் இல்லை என்பதற்காகப் பாதியில் நிறுத்துபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவருக்குச் சிறு வயதிலேயே இந்தக் கிழிவு ஏற்பட்டிருந்தால், அவருடைய பெற்றோரும் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஒருமுறை எக்கோ எடுத்துப் பெருந்தமனியின் அகலத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அரசு மருத்துவர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.