வாழை கருகிய பிறகு

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்,
தென்னாப்பிரிக்கா
செப்டம்பர் 14

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. டர்பன் வீட்டை விற்றுவிட்டு ஹோவிக்குக்கே போய்விட்டாய் என்று படித்ததும் முதலில் நினைவுக்கு வந்தது உன் மாமரம்தான். வாங்கினவர்கள் வெட்டாமல் இருந்தால் சரி. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பிரிட்டோரியாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு மட்டும் வீட்டுப்பக்கம் வருகிறாள்.

புது வீட்டு வாசலில் என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். ஜன்னலை மறைக்கக் கூடாது, குளிருக்குச் சாகக் கூடாது, ஆனால் பார்த்தால் டர்பன் மாதிரி பசேலென்று இருக்க வேண்டும் என்கிறாய். இது நான் காசு கொடுத்துப் படித்த பாடம்.

போன வருஷம் வாசலில் வாழை, குரோட்டன்ஸ், செம்பருத்தி என்று ஆசை ஆசையாக வைத்தேன். நர்சரிக்காரர் "தாங்கும்" என்றார். ஜூன் கடைசியில் ஒரு விடியற்காலை புல்தரை முழுக்க உப்பைத் தூவினாற்போல் உறைபனி. பத்து மணிக்கெல்லாம் வாழை இலை வெந்த கீரையாகத் தொங்கியது. தொட்டால் கையில் கறுப்பாக ஈரம் ஒட்டியது. இந்த ஊர் கடல்மட்டத்துக்குச் சுமார் 1,600 மீட்டர் மேலே. குளிர்காலத்தில் மேகமே இல்லாததால் பகல் சூடெல்லாம் இரவில் வானத்துக்கே போய்விடுகிறது. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்து இறங்கும், மதில் மறித்தால் அங்கேயே தேங்கும். என் வாழை நின்றது சரியாக அந்த மூலையில்! உன் ஹோவிக்கும் ஆயிரம் மீட்டர் உயரம்தானே, பார்த்துக்கொள்.

நம் கண்ணுக்கு ஊர்த் தோட்டம் மாதிரி காட்டுவது அகலமான, பளபளக்கிற இலைதான் என்பது அப்புறம்தான் உறைத்தது. அப்படி இலை உள்ளவை இந்த நாட்டு மண்ணிலேயே கிடக்க, நான் வாழைக்கு அலைந்திருக்கிறேன்.

முதலில் அன்னாசி லில்லி வை. யூகோமிஸ் என்று கேட்டால் தருவார்கள். ஓரம் நெளிந்த இலைகள் தரையோடு விரியும், நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு தண்டு, அதைச் சுற்றிப் பச்சை வெள்ளைப் பூ, உச்சியில் அன்னாசிக் கொண்டை. கிரேக்கத்தில் அந்தப் பேருக்கு அழகான கூந்தல் என்று அர்த்தமாம். குளிர்காலத்தில் மேலே ஒன்றும் இருக்காது, கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். போன ஜூலையில் இடம் மறந்து ஒரு கிழங்கின் நடுவிலேயே மண்வெட்டியைப் போட்டேன். பக்கத்தில் குச்சி நட்டு வை. பைகலர் என்ற வகையை மட்டும் ஜன்னல் பக்கம் வைக்காதே, பூ அழுகின இறைச்சி மாதிரி நாறும்.

நிழலுக்குக் கிளைவியா. உங்கள் குவாசுலு-நட்டால் காட்டுச் செடிதான், ஜூலுவில் உமயிமே. பெயரைப் பார்த்தாயா? ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்த ராபர்ட் கிளைவின் பேத்தி பெயரில் 1828இல் வைத்தது. அவள் அப்பா மெட்ராஸ் கவர்னர். சிறுமியாக அங்கே இருந்திருக்கிறாள். நம்மை விடாது துரத்துகிறார்கள்! இதற்குத் திறந்தவெளிப் பனி ஆகாது. இலை உதிராத மரத்தடியிலோ கூரை விளிம்புக்கு உள்ளேயோ வைத்தால் போதும். என் வீட்டில் இப்போது ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கிறது.

குழாயடி ஈரத்துக்கு ஏரம் லில்லி. வெயில் குறைந்த ஓரத்துக்கு பெர்ஜீனியா. இமயமலைச் செடி, பனி அதற்குப் பொருட்டே இல்லை, கை அகல இலை. பாதை விளிம்புக்கு மோண்டோ புல். மடும்பிக் கிழங்கு நட ஆசை என்று எழுதியிருந்தாய். நம்ம சேம்புதானே, பனியில் இலை போனாலும் மேலே சருகு மூடாக்கு போட்டால் கிழங்கு பிழைக்கும். ஆனால் இடுப்பு உயரம் வரும், கொல்லைப்பக்கம் போடு.

கருகின இலையை உடனே வெட்டாதே. அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனால் குருத்துக்கு அதுதான் போர்வை. என் வீட்டுக்காரி பொறுக்காமல் ஆகஸ்டில் செம்பருத்தியை வெட்டினாள், அடுத்த பனி மிச்சத்தையும் கொண்டுபோனது. இதை நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே.

தீபாவளிக்கு டர்பன் போகும்போது வழியில் ஹோவிக்கில் இறங்குகிறேன். டிக்கியில் நாலு கிளைவியாக் கன்று இருக்கும். அதற்குள் அவசரப்பட்டு குழி வெட்டிவிடாதே. வாசலில் காலை வெயில் எதுவரை வருகிறது என்று மட்டும் பார்த்து வை.

அன்புடன்,
ராமு