பொன்னுருவி விடாத கை

அன்புள்ள செல்வா,

தொன்மம், அதாவது வழிவழியாக வரும் புராணக் கதை, என்றால் என்ன என்று கேட்டு நீ எழுதிய கடிதத்துக்கு உடனே பதில் போட முடியவில்லை. அப்பாவின் காரியம் முடிந்து நேற்றுதான் செய்யாற்றிலிருந்து திரும்பினேன். நீ வர முடியாததை நினைத்து வருத்தப்படாதே. குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா?

கருமாதிக்கு முதல் நாள் ராத்திரி கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் தெருக்கூத்து வைத்தோம். எங்கள் பக்கத்தில் சாவுக்கு அந்தக் கூத்துதான் வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும். செலவு, விடிய விடிய சத்தம், வேண்டாம் என்றுதான் நான் சொன்னேன், சித்தப்பா கேட்கவில்லை. அப்பா போன அன்று காலையில் மோட்டார் ரிப்பேருக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அம்மா ஏதோ கடுமையாகச் சொல்லிவிட்டாள், அவர் பதில் பேசாமல் கழனிக்குப் போனவர்தான். அதற்கப்புறம் 15 நாளும் அம்மா அழவே இல்லை.

மூன்று மணி வாக்கில் கர்ணனின் மனைவி பொன்னுருவி வந்தாள். தேரோட்டி மகன் என்று புருஷனை மதிக்காமலே வாழ்ந்தவள், பாரதப் போரின் 17-ஆம் நாள் சண்டைக்கு அவன் கிளம்பும்போது வழிமறிக்கிறாள். வேஷம் கட்டியவருக்கு ஐம்பது வயதிருக்கும். தோளில் மரத்தாலான புஜக்கட்டை கட்டிய கர்ணனின் கையைப் பிடித்தவர் விடவில்லை. அவன் ஒரு அடி நகர்ந்தால் இவரும் ஒரு அடி, அரிதாரம் வியர்வையில் கழுத்துவரை இறங்கிவிட்டது. பாயில் உட்கார்ந்திருந்த அம்மா "விடாதடி" என்று சத்தமாகச் சொன்னாள். அப்புறம் அழ ஆரம்பித்தவள் கூத்து முடியும்வரை நிறுத்தவில்லை.

நீ உளவியலாளர் யுங்கைப் பற்றி எழுதியிருந்தாய். 1919-இல் அவர் கொண்டுவந்த ஆழ்படிமம் (எல்லா மனிதர் மனத்திலும் பொதுவாகக் கிடக்கிற ஆதி உருவம்) என்ற சொல்லை நானும் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன். கர்ணன் ஆற்றில் விடப்பட்ட பிள்ளை, பைபிளில் வரும் மோசேயும் அப்படித்தான், எல்லா நாட்டிலும் அந்தப் பிள்ளை உண்டு என்று பேசுவோமே. அது சரிதான், ஆனால் அம்மா அழுதது அந்தப் பிள்ளைக்காக இல்லை. வியாசரிடம் பொன்னுருவி என்று ஒருத்தி கிடையாது. களத்தில் விழுந்த மகனைக் குந்தி மடியில் போட்டுப் பால் கொடுப்பதும் அங்கே இல்லை, அது தமிழில் பாரதம் பாடிய நம் வில்லிபுத்தூரார் பாடியது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் பறிகொடுத்தவர்கள் நம் ஊரில் கர்ணனைச் சுற்றி ஒவ்வொருவராக வந்து நின்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தன் பேரில் அழ முடியாததை அம்மா பொன்னுருவி பேரில் அழுதாள். தொன்மம் என்றால் என்ன என்று நீ கேட்டதற்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான்.

விடிந்ததும் ஆட்டக்காரர்கள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். போன தீபாவளிக்கு அப்பா எடுத்துக் கொடுத்த அரக்குப் புடவையை அம்மா பெட்டியிலிருந்து எடுத்துவந்து பொன்னுருவி கட்டியவரிடம் நீட்டினாள். "இதக் கட்டிக்கிட்டு ஆடுங்க" என்றாள். அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த மாதம் கட்டாயம் வா. அம்மா உன்னைக் கேட்டாள்.

அன்புடன்,
குமார்